உறைபனி ராத்திரிக்கு ஹீட்டிங் பேடா, வெந்நீர்ப் பையா?

டிசம்பர் பிறந்து தலைக்குந்தா பக்கம் புல்லில் வெள்ளை படிய ஆரம்பித்தால், ஊட்டியில் நாய், பூனை வளர்ப்பவர்களுக்குள் இந்தச் சண்டையும் ஆரம்பித்துவிடும். உடம்புக்கு முடியாத பிராணிக்கு ஆன்லைனில் விற்கும் மின்சார ஹீட்டிங் பேட் நல்லதா, பழைய ரப்பர் வெந்நீர்ப் பையே போதுமா? பேட் கட்சிக்காரர்கள் “விடிய விடியச் சூடு நிற்கும்” என்பார்கள். பை கட்சிக்காரர்கள் வயிறு வெந்து தோல் உரிந்த நாயின் போட்டோவைக் காட்டுவார்கள்.

இரண்டு பேர் சொல்வதும் நிஜம்தான். ஒருவர் மனதில் இருப்பது மூட்டுவலியோடு நடமாடும் கிழட்டு லாப்ரடார்; மற்றவர் மனதில் இருப்பது ஆபரேஷன் மயக்கம் தெளியாத நாய். நகர முடிந்த பிராணி சூடு கூடினால் தள்ளிப் படுத்துக்கொள்ளும். மயக்கத்தில் இருப்பதும், பின்னங்கால் விழுந்துபோனதும், கண் திறக்காத குட்டியும் அப்படியே கிடக்கும். 45 டிகிரி செல்சியஸ் நம் உள்ளங்கைக்கு இதமாகத்தான் தெரியும். அதே சூட்டில் மணிக்கணக்காக ஒரே இடம் அழுந்தினால் தோல் வெந்துவிடும்.

முதலில் பேட். ஒரு நடுத்தர நாய் சுருண்டு படுக்கும் அளவுள்ளது 40 வாட்டுக்குள் அடங்கும். பத்து மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட் ஆகாது. 1000 வாட் ரூம் ஹீட்டர் அதே நேரத்தில் பத்து யூனிட்டைத் தின்றுவிடும். இதுவரை பேட் கட்சிக்கே வெற்றி.

ஆனால் மலையில் இதன் பெரிய குறை சூடு அல்ல, சுவிட்ச். டச் பட்டன் வைத்த பேட்கள் பலவும் கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாது, ஆஃபிலேயே நிற்கும். மரம் சாய்ந்து லைன் அறுவது இங்கே புதிதில்லை. ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் போய் ஒன்றரைக்கு வந்தாலும், காலை ஆறு மணிவரை நாய் வெறும் துணியில் கிடக்கும். டைமர் உள்ளதிலும் இதே கதை: பத்து மணிக்குப் போட்டால் நாலு மணி நேர டைமர் இரண்டுக்கே அணைந்துவிடும், கடுங்குளிர் அடிப்பது அதற்குப் பிறகுதான். அதனால் திருகும் சுவிட்ச் உள்ளதை வாங்குங்கள். வந்தவுடன் பேடை ஓடவிட்டு, சுவரில் பிளக் சுவிட்சை அணைத்துப் போட்டுப் பாருங்கள். திரும்ப ஓடாவிட்டால் ரிட்டர்ன். மனிதர்களின் முதுகுவலி பேட் வேண்டவே வேண்டாம், அது இதைவிட அதிகம் சுடும்.

வெறும் பேடைத் தொட்டுப் பார்த்துச் சூட்டைக் கணக்கிடாதீர்கள். மேலே எடை அழுந்தினால் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறும். பேட் மேல் இரண்டாக மடித்த கம்பளி, அதன் மேல் ஒயர் வைத்த மீன்தொட்டி தெர்மாமீட்டரின் முனை, அதற்கு மேல் ஐந்து கிலோ அரிசிப் பை. ஒரு மணி நேரம் கழித்து 40-ஐத் தாண்டினால் அந்த செட்டிங் ஆகாது. படுக்கையில் பாதிக்கு மட்டும் பேட் போடுங்கள், மறுபாதி சும்மா இருக்கட்டும். ஒயர் பேடுக்குள் நுழையும் மூட்டுதான் முதலில் விடும்; வயிற்றுப்போக்கு உள்ள நாய்க்கு அந்த மூட்டைத் தலைப்பக்கம் திருப்பிவிடுங்கள்.

இனி பை. உதகை உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், குழாய்த் தண்ணீரோ விரலை மரக்கச் செய்யும். பாதிக்குப் பாதி கலந்தால் ஐம்பதைச் சற்றுத் தாண்டி நிற்கும். இரண்டு சுற்று துண்டுக்குள் அது போதும். முக்கால் பங்குக்குக் குறைவாக நிரப்பி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி மூடுங்கள். மூடியின் வாஷர் வெடித்திருந்தால் ஒழுகி, நனைந்த குட்டி இன்னும் சில்லிட்டுப் போகும். ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இதில்தான் பை கட்சி தோற்கிறது: ஆறிப்போன பை சும்மா கிடக்காது, குட்டியின் சூட்டை அது உறிஞ்சும். பூனை நகம் பட்டால் அன்றோடு சரி.

இரண்டையும்விட முக்கியமானது சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர். வாசலின் தடவி ஆசனவாயில் ஓர் அங்குலம். நெற்றியில் காட்டும் துப்பாக்கி மாடல் ரோமத்தின் மேல் வேலைக்கு ஆகாது. வளர்ந்த நாய்க்கு 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் சரி. 99-க்குக் கீழே போனால் சூடு கொடுத்துக்கொண்டே டாக்டரைக் கூப்பிடுங்கள். 103-ஐத் தாண்டினால் பேடை அணையுங்கள். பிறந்த குட்டி 95-க்குக் கீழே இருந்தால் பால் புகட்டவே கூடாது, குடல் வேலை செய்யாது. முதலில் மெதுவாகச் சூடேற்ற வேண்டும்.

நடமாடும் நோயாளிக்கு பேட். ஐந்துக்கு நாலு மதிப்பெண், ஒன்று அந்த சுவிட்சுக்காகப் போனது. நகர முடியாததற்கு, பக்கத்தில் ஆள் விழித்திருந்தால் பை. பேட் வாங்கினாலும் பையைத் தூக்கிப் போடாதீர்கள், கரண்ட் போன ராத்திரிக்கு அதுதான் ஆள். ஃபிளாஸ்க்கில் ஒரு லிட்டர் வெந்நீர் படுக்கும் முன்பே நிரப்பி வையுங்கள், இருட்டில் அடுப்பு தேட வேண்டாம்.