வீட்டிலேயே ஷேவிங் சோப்பும் பிரஷும் செய்துகொள்ளும் பெட்டி: ஒரு மதிப்புரை

பிரஷ்ஷால் நுரை எழுப்பி மழித்துக்கொள்வோருக்கென, சோப்பை வீட்டிலேயே செய்துகொள்ளும் பெட்டிகள் இரண்டு வகையாகக் கிடைக்கின்றன. முதல் வகையில், முன்பே காய்ச்சப்பட்ட சோப்புக் கட்டியை உருக்கி, வாசனை சேர்த்து அச்சில் ஊற்றினால் வேலை முடிந்துவிடும். இரண்டாம் வகையில் கொழுப்பு அமிலம், எண்ணெய், அவற்றைச் சோப்பாக மாற்றும் காரம் ஆகியவற்றைக் கொண்டு சோப்பையே நாம் காய்ச்ச வேண்டும். இரண்டையும் செய்து, இரண்டினாலும் முகம் மழித்துப் பார்த்தேன். காசு கொடுத்து வாங்கத் தகுந்தது இரண்டாம் வகைதான். அதையும் அதனுடன் வரும் விளக்கத்தாளை அப்படியே நம்பாமல் பயன்படுத்த வேண்டும்.

உருக்கி ஊற்றும் கட்டி பெரும்பாலும் குளியல் சோப்புக்கான கலவை. அதில் நுரை விரைவாகப் பொங்கும். ஆனால் குமிழிகள் பெரியவை என்பதால், ஒரு கன்னத்தை மழித்து முடிப்பதற்குள் மறு கன்னத்தில் உலர்ந்துபோகும். வழுவழுப்புக்காகப் பெட்டியில் தரப்படும் பென்டோனைட் களிமண் பிளேடு வழுக்கிச் செல்லச் சிறிது உதவினாலும், நுரையின் ஆயுளைக் கூட்டுவதில்லை. ஷேவிங் சோப்பை ஷேவிங் சோப்பாக ஆக்குவன இரண்டு: ஒன்று, கொழுப்பில் ஏறத்தாழப் பாதியளவு இருக்க வேண்டிய ஸ்டியரிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம், மற்றொன்று, காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) என்ற காரத்துடன் கூடவே சேரும் காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) என்ற காரம். ஸ்டியரிக் அமிலம் நெருக்கமான, நின்று தாங்கும் நுரையைத் தருகிறது. ஆனால் அது காஸ்டிக் சோடாவுடன் மட்டும் சேர்ந்தால், தண்ணீரில் எளிதில் கரையாத கடினமான கட்டியாகிவிடும். பொட்டாஷ் சோப்பு நன்றாகக் கரைவதால்தான் ஈர பிரஷ்ஷைச் சுழற்றியதும் நுரை எழுகிறது.

நான் பரிந்துரைக்கும் பெட்டியில் இவை அனைத்தும் உள்ளன: ஸ்டியரிக் அமிலச் செதில்கள், தேங்காய் எண்ணெய், ஆமணக்கு எண்ணெய், இரண்டு காரங்கள், கிளிசரின், பிரஷ்ஷுக்கான ஒரு செயற்கை இழைக் குஞ்சம், மரக் கைப்பிடி, படிகாரத் தூள். மூலப்பொருள்களின் தரத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. குறை விளக்கத்தாளில்தான். கடைகளில் கிடைக்கும் காஸ்டிக் பொட்டாஷ் பொதுவாக 90 சதவீதத் தூய்மையுடையது. மீதியில் பெரும்பகுதி ஈரம். தாளில் உள்ள அளவோ 100 சதவீதத் தூய்மைக்குக் கணக்கிடப்பட்டிருக்கிறது. இதனால் காரம் குறைந்து, சோப்பாக மாறாத கொழுப்பு வேண்டியதைவிட அதிகமாகத் தங்கி, நுரையை அமுக்கிவிடுகிறது. 100 கிராம் ஸ்டியரிக் அமிலத்துக்கு காஸ்டிக் சோடா மட்டும் என்றால் ஏறத்தாழ 14 கிராமும், தூய பொட்டாஷ் மட்டும் என்றால் 20 கிராமும் தேவை. 100 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு அவை முறையே 18, 26 கிராம். ஒவ்வொரு கொழுப்பையும் இரண்டு காரங்களுக்கும் பங்கிட்டு, அந்தந்தப் பங்குக்கு மட்டும் இவ்வாறு கணக்கிட்டு, மொத்தக் காரத்தில் 5 சதவீதம் குறைத்து, பொட்டாஷின் எடையை மட்டும் 0.9 ஆல் வகுத்துக்கொண்டால் சரியான அளவு கிடைக்கும். இந்தக் கணக்குக்கு 0.1 கிராம் வரை காட்டும் தராசு தேவை. பெட்டியில் அது இல்லை. தனியாகத்தான் வாங்க வேண்டும்.

காய்ச்சும் முறையைத் தாள் ஓரளவு நன்றாகவே சொல்கிறது. காரத்தைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும், காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது என்ற எச்சரிக்கையும், கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம் என்ற குறிப்பும் முதல் பக்கத்திலேயே இருக்கின்றன. அலுமினியப் பாத்திரம் கூடாது என்பதையும் அங்கேயே சேர்த்திருக்க வேண்டும்: காரம் அலுமினியத்தை அரித்து, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். எவர்சில்வர் பாத்திரமே பாதுகாப்பானது. ஸ்டியரிக் அமிலம் ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸில் உருகும். அந்தச் சூட்டில் காரக் கரைசலைச் சேர்த்தவுடனே கலவை இறுகிக் கட்டிகட்டியாகும். புதியவர்கள் கெட்டுவிட்டதென்று நினைத்துக் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, அவ்வப்போது கிளறிக்கொண்டே பொறுத்திருந்தால், ஒன்றிரண்டு மணி நேரத்தில் கட்டிகள் கரைந்து, வாசலினைப் போன்ற ஒளிபுகும் பசையாகத் திரளும். கிளிசரினை அதன் பிறகே சேர்ப்பது நல்லது. நுரை காய்ந்துபோகாமல் ஈரத்தைப் பிடித்து வைப்பது அதன் வேலை.

இப்படிக் கிடைத்த சோப்பு எனக்கு முழு நிறைவைத் தந்தது. மூன்று முறை மேலும் கீழுமாக மழிக்கும் நேரம் முழுவதும் நுரை குலையாமல் நிற்கிறது, மழித்த பின் தோல் இழுத்துப் பிடிப்பதில்லை. கடின நீர் உள்ள வீடுகளில் மட்டும் இதே சோப்பு சோர்ந்துபோகும். நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து கரையாத படிவாகிவிடுவதே காரணம். கடையில் வாங்கும் சோப்புக்கும் இந்தத் தொல்லை உண்டு என்பதால் இதைப் பெட்டியின் குறையாகக் கருதவில்லை. காய்ச்சி வடித்த நீரில் நுரை எழுப்பிப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும்.

பிரஷ் செய்வது மிக எளிது. ஆனால் ஒட்டுவதற்கு முன் சிறிது நிதானம் வேண்டும். குஞ்சத்தின் விட்டம் 24 மில்லிமீட்டர். கைப்பிடிக் குழியில் அதை ஆழமாக இறக்கினால் வெளியே நிற்கும் இழை குட்டையாகி பிரஷ் விறைப்பாகும், மேலே ஏற்றி வைத்தால் தளர்ந்து மடியும். பசையில்லாமல் செருகி, குழியின் அடியில் அட்டை வட்டங்களை அடுக்கி, இழை 50 மில்லிமீட்டர் அளவில் வெளியே நிற்குமாறு வைத்துப் பார்த்த பிறகு எபாக்சி பசையை இட்டு ஒரு நாள் அசைக்காமல் விட வேண்டும். வெளிப்புறத்துக்கு வார்னிஷ் தடவச் சொல்லும் தாள், குழியின் உட்புறத்தை மறந்துவிடுகிறது; உள்ளே நீர் இறங்கினால் மரம் உப்பி வெடிக்கும்.

படிகாரத் தூளை உருக்கிக் கட்டியாக வார்க்கும் பகுதி எனக்குத் தேவையற்றதாகவே பட்டது. படிகாரம் ஏறத்தாழ 92 டிகிரியில் தன்னுள் இருக்கும் நீரிலேயே கரைந்து உருகும். சூடு மிஞ்சினால் அந்த நீர் ஆவியாகி, படிகாரம் பொரிந்து வெண்மையாகிவிடும். ஆயத்தமாகவே கிடைக்கும் கட்டி மலிவானது, உறுதியானது. சிறு கீறல்களில் கசியும் இரத்தத்தை நிறுத்த அதுவே போதும்.

பெட்டியை ஒரு முறை வாங்கினால் போதுமானது. சோப்பு தீர்ந்த பிறகு செதில்களையும் காரங்களையும் தனித்தனியே வாங்கிக்கொள்ளலாம். அப்போது தேங்காய் எண்ணெயின் பங்கைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள், வறண்ட தோல் உள்ளவர்களுக்கு அது இன்னும் இதமாக இருக்கும்.