சினாம்பாவா, தாப்பா: எது மிதக்கிறது, எது நிலைக்கிறது?

'அஸ்டெக்குகளின் மிதக்கும் தோட்டம்' என்று எங்கே படித்தாலும் எனக்கு ஒரு திருத்தம் சொல்லத் தோன்றும். அந்தத் தோட்டத்துக்குப் பெயர் சினாம்பா; அது மிதப்பதில்லை. மெக்சிகோ நகரின் தெற்கே சோச்சிமில்கோவில் இன்றும் பயிராகும் சினாம்பாக்கள் ஏரித் தரையில் ஊன்றி நிற்பவை. ஆழமில்லாத நீரில் கழிகளை நட்டு, குச்சிகளால் பின்னி அடைத்து, உள்ளே நீர்ச்செடியையும் சேற்றையும் மாற்றி மாற்றிக் கொட்டி மேடாக்குவார்கள். ஓரமெல்லாம் அவெஹோத்தே என்ற வில்லோ மரம். அதன் வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும்; ஒல்லியாக நெட்டென்று வளர்வதால் பயிருக்கு நிழல் கட்டாது.

நிஜமாகவே மிதப்பது வங்கதேசத்தின் தாப் என்ற பாத்தி. பிரோஜ்பூர் மாவட்டத்தின் நாஜிர்பூர் பக்கம் மழைக்காலத்தில் வயல்கள் மாதக்கணக்கில் மூழ்கிக் கிடக்கும். அப்போது ஆகாயத்தாமரையை அடுக்கடுக்காகப் போட்டு மெத்தை போலாக்கி, மேல்பகுதி மட்கியதும் காய்கறி வைக்கிறார்கள். வெள்ளம் ஏறினால் பாத்தியும் கூடவே ஏறும்.

நாற்று விடுவதில் மட்டும் இரண்டும் அக்கா தங்கை மாதிரி. சோச்சிமில்கோவில் வாய்க்கால் அடிச்சேற்றை அள்ளிப் பரப்பி, சற்று இறுகியதும் கத்தியால் சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் விரலால் குழி போட்டு விதை வைப்பார்கள். அந்தத் துண்டுக்குப் பெயர் சப்பின். நாஜிர்பூரில் மட்கிய நீர்ச்செடியைப் பெண்கள் கைப்பிடி அளவு உருண்டையாக உருட்டி விதை பொதிகிறார்கள். எதுவானாலும் நாற்று தன் மண்ணோடு இடம் மாறுகிறது, வேர் அறுவதில்லை.

ஆயுளில்தான் பெரிய வித்தியாசம். தாப் ஒரு பருவத்துக்குத்தான். நீர் வடிந்ததும் அதைப் பிரித்துப் போட்டால் குளிர்காலப் பயிருக்கு எரு. சினாம்பாவோ, வாய்க்கால் சேற்றை அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தால் தலைமுறைகளைத் தாண்டும். ஆனால் அதற்கு ஏறி இறங்காத நன்னீர் வேண்டும். 15ஆம் நூற்றாண்டில் மன்னர் நெசவால்கோயோட்டலின் பெயரால் அறியப்படும் கரையைக் கட்டி டெஸ்கோகோ ஏரியின் உப்புநீரைத் தடுத்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் சோச்சிமில்கோவின் ஊற்றுநீர் தலைநகரின் குடிநீருக்குப் போனது. இன்று அந்த வாய்க்கால்களுக்கு வருவது சுத்திகரித்த கழிவுநீர். 1987இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தும் அந்த ஊற்றுகள் திரும்பவில்லை. எனக்கு ஆறாத வருத்தம் இது.

சரி, எதை எடுப்பது? வெள்ளம் ஆளும் இடத்தில் தாப்தான், யோசிக்கவே வேண்டாம். அங்கே சினாம்பா கட்டினால் முதல் மழையிலேயே மூழ்கும். நீர்மட்டத்தைக் காக்க ஊர் ஒன்றுகூடும் இடத்தில் என் ஓட்டு சினாம்பாவுக்கு. சோச்சிமில்கோ வாய்க்கால்களையும் இப்போது அதே ஆகாயத்தாமரை அடைக்கிறது. நாஜிர்பூரில் அது பாத்தி. இங்கே படகுக்கு வழி விட அள்ளிக் கரையில் போடும் களை.