கோலாலம்பூர் வெக்கையில் மூன்று உப்பு மீட்டர்கள்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

செந்தூலில் ஒரு அடுக்குமாடி வீட்டில் உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். அதன் உப்பை அளக்க, ஆடும் முள் வைத்த பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர், கண்ணருகே பிடித்துப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர், பேனா மாதிரி இருக்கும் டிஜிட்டல் மீட்டர் என்று மூன்றையும் பல வருடங்களாகப் புழங்கி வருகிறேன். எது நல்லது என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதைச் சரிபார்க்க, உப்பின் அளவு முன்பே தெரிந்த என்ன திரவம் வைத்திருக்கிறீர்கள்? நல்ல திரவம் இருந்தால் மலிவான கருவியே போதும். திரவம் இல்லாவிட்டால் விலை உயர்ந்த கருவி காட்டும் எண்ணையும் நம்ப முடியாது.

பவளம் வளர்ப்பவர்கள் குறி வைப்பது 35 பிபிடி, அதாவது ஒரு கிலோ கடல்நீரில் 35 கிராம் உப்பு. 25 டிகிரியில் அதன் ஒப்படர்த்தி (சுத்தமான தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.0264, மின்கடத்தும் திறன் சென்டிமீட்டருக்கு 53 மில்லிசீமன்ஸ். மூன்று கருவிகளில் ஒன்றுகூட உப்பை நேராக அளப்பதில்லை. ஹைட்ரோமீட்டர் தண்ணீரின் அடர்த்தியைப் பார்க்கிறது, ரிஃப்ராக்டோமீட்டர் ஒளி எவ்வளவு வளைகிறது என்று பார்க்கிறது, பேனா மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்க்கிறது. இந்த மூன்றுமே வெப்பத்தால் மாறும் குணங்கள். நம் ஊரில் தொல்லை தொடங்குவது அங்கேதான்.

ஹைட்ரோமீட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முள்ளில் ஒரு சின்னக் காற்றுக்குமிழி ஒட்டினால் போதும், முள் மேலே ஏறி உப்பு கூடுதலாக இருப்பதாகக் காட்டும். உள்ளே உப்பு காய்ந்து படிந்தால் கதை இன்னும் மாறும். வெப்பம்தான் பெரிய விஷயம். 25 டிகிரிக்கென்று அளவு குறித்த கண்ணாடி ஹைட்ரோமீட்டரை 30 டிகிரி தண்ணீரில் மிதக்கவிட்டால், சரியான 35 பிபிடி தண்ணீரே ஏறக்குறைய 1.0248 என்றுதான் காட்டும். கிட்டத்தட்ட 2 பிபிடி குறைவு. அதைப் பார்த்து உப்பைக் கொட்டினால் தொட்டி 37ஐத் தொட்டுவிடும். என்னுடையது இப்போது உப்பு கலக்கும் வாளிக்கு மட்டும்தான், தோராயமாகப் பார்க்க.

வாராவாரம் நான் கையில் எடுப்பது ரிஃப்ராக்டோமீட்டரைத்தான். பேட்டரி வேண்டாம், பழுதாகவும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல, சாதாரண உப்புக் கரைசலுக்காகச் செய்யப்பட்டவை. கடல்நீரில் சோடியம் குளோரைடோடு மெக்னீசியம், சல்பேட், கால்சியம் எல்லாம் இருப்பதால் ஒளி கொஞ்சம் வேறு மாதிரி வளையும். 35 பிபிடி கடல்நீரை அந்தக் கருவி 36.5 என்று காட்டும். இதை ஆர்ஓ தண்ணீரில், அதாவது சவ்வு வழியே வடிகட்டி உப்பு நீக்கிய சுத்தமான தண்ணீரில், பூஜ்யத்துக்குத் திருகி வைத்தாலும் பயனில்லை. பூஜ்யம் சரியாக இருக்கும், 35 தப்பாக இருக்கும். அந்த எண்ணை நம்பி ஆர்ஓ தண்ணீர் கலந்து கலந்து 35க்குக் கொண்டு வந்தால், தொட்டி உண்மையில் 33.5 பக்கம் போய் நிற்கும். அதனால் நாம் குறி வைக்கும் எண் 35 என்றால், கருவியையும் 35இல்தான் சரி செய்ய வேண்டும்.

அதற்குக் கடையில் விற்கும் 35 பிபிடி திரவம் வாங்கலாம். வீட்டிலும் செய்யலாம்: 3.65 கிராம் உப்பு, 96.35 கிராம் ஆர்ஓ தண்ணீர். இந்தக் கரைசலில் ஒளி வளைவது 35 பிபிடி கடல்நீரில் வளைவது போலவே இருக்கும். கேட்க எளிதுதான், ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் உப்பு டப்பா எப்போதும் கொஞ்சம் நசநசவென்றுதான் இருக்கும். அந்த ஈரமும் எடையில் சேரும். நான் உப்பை வெறும் வாணலியில் போட்டு, கிளறக் கிளற மணல் மாதிரி உதிரும்வரை வறுத்து, மூடி வைத்து ஆறவிட்டுத்தான் நிறுப்பேன். சமையலறைத் தராசு இதற்கு உதவாது. நகை நிறுக்கும் அந்தச் சின்ன 0.01 கிராம் தராசு வேண்டும். 100 கிராம் கரைசலில் 0.1 கிராம் கூடினாலே 1 பிபிடி தவறிவிடும். அப்புறம், இந்தக் கரைசல் ரிஃப்ராக்டோமீட்டருக்கு மட்டும்தான். ஒளியில் பொருந்துவது மின்சாரத்தில் பொருந்தாது, பேனா மீட்டரை இதில் முக்கக் கூடாது.

பார்க்கும் முறையிலும் ஒரு பக்குவம் உண்டு. இரண்டு மூன்று சொட்டு விட்டு மூடியைச் சாய்த்து மெதுவாக இறக்குவேன், குமிழி இருந்தால் துடைத்துவிட்டு மறுபடி. பிறகு அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும், கண்ணாடியும் சொட்டும் ஒரே சூட்டுக்கு வரட்டும். நீலமும் வெள்ளையும் சேரும் கோடு கூர்மையாக இருந்தால் சரி. மங்கலாகத் தெரிந்தால் கண்ணாடியில் பழைய உப்பு காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினால் கோடு தெளிந்துவிடும். 'வெப்பத்தைத் தானே ஈடுகட்டும்' என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். பெரும்பாலான கருவிகளில் அந்த ஈடுகட்டல் 10 முதல் 30 டிகிரி வரைதான். ஏர்கோன் போடாத நம் வீட்டு வரவேற்பறை மத்தியானத்தில் 30ஐத் தாண்டிவிடும். ஆகவே நான் காலையில் அளக்கிறேன், சரிபார்க்கும் திரவத்தை முதல் நாள் இரவே கருவிக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். திரவம், தொட்டித் தண்ணீர் இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பார்த்தால் வெப்பத்தால் வரும் பிசகு பெரும்பாலும் அடிபட்டுப் போகும்.

பேனா மீட்டர் வேகமானது, கண்ணைச் சுருக்கிக் கோடு பார்க்கும் வேலை இல்லை. கடலியல் அறிவியலே 1978ஆம் ஆண்டின் அளவுகோலிலிருந்து உப்புத்தன்மையை மின்கடத்தல் வழியாகத்தான் அளக்கிறது, ஆக இந்த முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் என்று மின்கடத்தல் ஏறும். உள்ளே இருக்கும் வெப்ப உணரி நிலைப்படும்வரை எண் நகர்ந்துகொண்டேதான் இருக்கும், பொறுக்க வேண்டும். முனையில் குமிழி சிக்கினால் அளவு குறைவாகக் காட்டும்; தண்ணீருக்குள் வைத்தே விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் போய்விடும். பேனாவைச் சரிபார்க்கப் பாக்கெட்டில் வரும் திரவத்தில் ஈரப் பேனாவை அப்படியே முக்கினால் திரவம் நீர்த்துப் போகும். பிரித்த பாக்கெட்டை அன்றே முடித்துவிடுவது நல்லது. திறந்து மூடித் திறந்து மூடி வைத்த பாட்டிலில் தண்ணீர் ஆவியாகி 35 மெல்ல 36 ஆகிவிடும். அதை 35 என்று நம்பிக் கருவியைத் திருகினால் தொட்டியும் 36க்குப் போகும், மீட்டரோ 35 என்றே சொல்லும்.

பினாங்கில் இருக்கும் என் நண்பர் ஒருவர் தெலுக் பஹாங் பக்கம் கடல்நீர் எடுத்து வந்து தொட்டிக்கு ஊற்றுவார். ஒருநாள் போன் செய்தார்: "அண்ணே, கடல் தண்ணியே 30தான் காட்டுது. மீட்டர் போச்சா?"

"திரவத்துல வச்சுப் பாத்தியா?"

"35 காட்டுதுண்ணே."

"அப்ப மீட்டர் நல்லாத்தான் இருக்கு. கடல்தான் அப்படி."

மலாக்கா நீரிணையின் மேற்பரப்பு நீர் திறந்த பெருங்கடலைவிட உப்பு குறைந்தது. ஆறுகள் கலக்கும் கரையோரத்தில், அதுவும் மழைக்குப் பிறகு, இன்னும் இறங்கும். சரிபார்த்த கருவி கையில் இருந்ததால்தான் அவர் நல்ல மீட்டரைத் திருகிக் கெடுக்கவில்லை. இப்போது எடுத்து வரும் ஒவ்வொரு தோம்பையும் அளந்து, குறைவுக்கு ஏற்ப உப்பு சேர்த்துத்தான் ஊற்றுகிறார். 100 லிட்டரில் 1 பிபிடி ஏற்ற 100 கிராம் உலர்ந்த உப்பு என்பது கணக்கு. உப்பு வாளி ஈரம் இழுத்திருந்தால் கொஞ்சம் கூடுதலாகப் போகும், அதனால் கலந்த பிறகும் ஒருமுறை அளக்க வேண்டும்.

ஏர்கோன் ஓடும் அறையில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. காற்று காய்ந்திருப்பதால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 200 லிட்டர் தொட்டியில் 4 லிட்டர் குறைந்தால் 35 என்பது 35.7 ஆகிவிடும். ஆவியானதை ஆர்ஓ தண்ணீரால் நிரப்பி, நன்றாகக் கலந்த பிறகுதான் அளக்க வேண்டும்; இல்லையென்றால் கருவி சரியாக இருந்தும் எண் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாக வரும்.

புதிதாகத் தொடங்குபவர் என்னிடம் கேட்டால், ஒரு ரிஃப்ராக்டோமீட்டரும் ஒரு பாட்டில் 35 பிபிடி திரவமும் முதலில் வாங்கச் சொல்வேன். பேனா மீட்டர் பிறகு வரட்டும், இரண்டாவது சாட்சியாக. இரண்டும் 1 பிபிடிக்குள் ஒத்துப்போனால் தொட்டியைத் தொடாமல் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் தொட்டியில் கை வைக்கும் முன் இரண்டையும் அதனதன் புதுத் திரவத்தில் பாருங்கள். தொட்டி உண்மையிலேயே 33க்கு இறங்கியிருந்தால் அவசரப்பட்டு உப்பைக் கொட்ட வேண்டாம். சில நாட்களுக்கு ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் உப்புநீரையே ஊற்றி வாருங்கள், பவளமும் மீனும் தாங்கிக்கொள்ளும் வேகத்தில் அது ஏறும்.