டப்ளின் முறையா, சான்ஃபிரான்சிஸ்கோ முறையா: இலவச எழுத்துப் பட்டறைக்கு எது தோது?

எங்கள் ஊர் கிளை நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதை எழுத வைக்கிறோம். ஒன்றரை வருடம் ஆகிறது, யாரிடமும் காசு வாங்குவதில்லை. வேறு ஊர்களில் தொடங்க நினைக்கும் நண்பர்கள் சிலர் எந்த முறையில் நடத்துகிறீர்கள் என்று கேட்டபடி இருக்கிறார்கள். நாங்கள் பார்த்துப் படித்தது பிள்ளைகளுக்கான இரண்டு இலவச எழுத்து மையங்களை: அமெரிக்காவில் சான்ஃபிரான்சிஸ்கோவின் 826 வலென்சியா, அயர்லாந்தில் டப்ளினின் ஃபைட்டிங் வேர்ட்ஸ். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயதுக்குக் கீழே டப்ளின் முறை, அதற்கு மேலே சான்ஃபிரான்சிஸ்கோ முறை. காரணம் கொஞ்சம் நீளம்.

சான்ஃபிரான்சிஸ்கோவில் மிஷன் பகுதி, வலென்சியா தெரு, கதவு எண் 826. எழுத்தாளர் டேவ் எக்கர்ஸும் ஆசிரியராக இருந்த நினிவே கலெகாரியும் 2002இல் அங்கே தொடங்கினார்கள். அந்தக் கட்டடத்தில் கடைதான் வைக்கலாம் என்று நகர விதி இருந்தது, அதனால் முன்பக்கம் எதையாவது விற்றாக வேண்டும். பழைய மேல்பூச்சையெல்லாம் பிரித்ததும் உள்ளே கப்பலின் அடிவயிறு மாதிரி தெரிந்ததாம், சரி என்று கடற்கொள்ளையருக்கான சாமான் கடை திறந்துவிட்டார்கள். ஒற்றைக்கண் பட்டை, மரக்கால், கண்ணாடி விழி எல்லாம் விலைக்குக் கிடைக்கும். கடையைத் தாண்டி உள்ளே போனால் மேசைகள், ஆறு முதல் பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகள், பக்கத்தில் ஒரு தன்னார்வலர். எக்கர்ஸ் பின்னாளில் ஒரு மேடையில் சொன்னது எனக்கு முக்கியமாகப் படுகிறது. திறந்த புதிதில் பிள்ளைகளே வரவில்லை, கொள்ளையர் கடைக்குப் பின்னால் இலவசமாகப் பாடம் என்றால் எந்தப் பெற்றோர் நம்புவார்கள்? ஆசிரியர்களையும் பெற்றோரையும் அறிந்த கலெகாரி பொறுப்பேற்ற பிறகுதான் மேசைகள் நிறைந்தன. எங்களுக்கும் முதல் மாதம் மூன்று பேர்தான் வந்தார்கள். நடுநிலைப்பள்ளி தமிழாசிரியர் ஒருவர் வகுப்பில் போய் இரண்டு வார்த்தை சொன்ன பிறகு வந்தவர்கள் இருபத்தேழு.

டப்ளினில் எழுத்தாளர் ரோடி டாய்லும் ஷான் லவ்வும் 2009 ஜனவரியில் ஃபைட்டிங் வேர்ட்ஸைத் தொடங்கினார்கள், குரோக் பார்க் விளையாட்டரங்கத்தின் பக்கத்தில். டாய்ல் சான்ஃபிரான்சிஸ்கோ போய் 826ஐப் பார்த்து வந்தவர், அதனால் ஒன்றுக்கு ஒன்று தாயும் பிள்ளையும் மாதிரிதான். ஆனால் டப்ளின்காரர்கள் கடை வைக்கவில்லை. வீட்டுப்பாட உதவி போன்றவற்றில் இறங்காமல் கதை எழுத வைப்பதிலேயே நின்றுகொண்டார்கள். ஐரிஷ் மொழியிலும் பட்டறை நடத்துகிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிப் பாடமாக மட்டும் சந்திக்கும் ஒரு மொழியில் கதையும் கட்டலாம் என்று காட்டுவது சின்ன வேலை இல்லை. இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எப்படி இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் புரியும்.

சின்னப் பிள்ளைகளுக்கான அமர்வு இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான், டப்ளின் அதையே உயிர்மூச்சாக வைத்திருக்கிறது. சுமார் இரண்டு மணி நேரம். டிவியில் வந்த பாத்திரம் கூடாது, புதிதாக ஒன்றைப் பிள்ளைகளே உருவாக்க வேண்டும். அதன் உயிர்த்தோழன் யார், அது எதற்கு ஏங்குகிறது, எதைக் கண்டு நடுங்குகிறது என்று எல்லோரும் கத்திக் கத்தி முடிவு செய்கிறார்கள். ஒருவர் அதைத் தட்டச்சு செய்ய, இன்னொருவர் படம் வரைகிறார். யாரும் கண்ணால் பார்த்திராத ஒரு சிடுமூஞ்சிப் பதிப்பாளர் வேறு இருக்கிறார், நல்ல கதையாக இருந்தால்தான் அச்சுக்கு எடுப்பாராம். கதை பரபரப்பாகப் போகும்போது நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து ஒவ்வொரு பிள்ளையும் தன் முடிவைத் தானே எழுத வேண்டும். போகும்போது ஆளுக்கொரு புத்தகம் கையில்: முன்பாதி எல்லோருடையது, பின்பாதி அவரவருடையது.

இதில் இருக்கும் சூட்சுமத்தை நான் நேரில் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். எங்கள் பிள்ளைகள் உருவாக்கியது சுருட்டை என்ற வெள்ளாடு, தோழன் ரேஷன் கடைத் தராசு, ஏக்கம் கடல், பயம் மினி பஸ். ஆடு பஸ் நிலையத்தில் நிற்கிறது, மினி பஸ் வந்து கதவு திறக்கிறது, ஓட்டுநர் இருக்கையில் ஆளில்லை. அங்கே நிறுத்தினோம். எதையும் எழுதமாட்டான் என்று எங்களிடம் சொல்லி அனுப்பப்பட்ட ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பென்சிலைக் கடித்தபடி இருந்தான். அப்புறம் மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, ஆடு 'நா வரல'ன்னு சொல்லலாமா, 'நான் வரவில்லை'ன்னுதான் எழுதணுமா?"

"உங்க வீட்டு ஆடு எப்படிய்யா சொல்லும்?"

"நா வரலன்னுதான் சொல்லும்."

"அப்ப அப்படியே எழுது."

ஒன்றரைப் பக்கம் எழுதினான். எழுத்துப்பிழை நிறைய இருந்தது, நாங்கள் தொடவில்லை. கூட்டிப்போக வந்த அவன் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நூலக வாசலில், செருப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டு முழுக் கதையையும் அவருக்கு வாசித்துக் காட்டினான். வெற்றுத்தாளோடு உட்காரவைத்திருந்தால் அவன் எழுதியிருக்கவே மாட்டான். பாதிக் கதை ஏற்கெனவே இருக்கிறது, அதில் அவன் சொன்ன பஸ்ஸும் இருக்கிறது, அந்தத் தைரியம்தான் அவனை எழுத வைத்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே சின்னவர்களுக்கு டப்ளின் வழி என்கிறேன்.

பதின்வயதினரிடம் இது செல்லாது. பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆட்டுக்குப் பெயர் வைப்போமா என்று கேட்டுப் பாருங்கள், அடுத்த வாரம் வரமாட்டார்கள். டப்ளினிலும் அவர்களுக்கென்று தனி எழுத்துக் குழு இருக்கிறது, தி ஐரிஷ் டைம்ஸ் நாளிதழ் மாணவர்களின் எழுத்தைத் தொகுத்துத் தனி இதழாகவே வெளியிட்டிருக்கிறது. ஆனால் 826இன் நூல் திட்டம்தான் எனக்கு மேலாகத் தோன்றுகிறது. ஓர் உயர்நிலைப் பள்ளி வகுப்பை எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் தன்னார்வலர்கள் கூடவே உட்கார்ந்து திரும்பத் திரும்ப எழுத வைத்து, கடைசியில் தெரிந்த எழுத்தாளர் ஒருவரின் முன்னுரையோடு கடையில் விற்கும் தரத்தில் புத்தகமாக்குகிறார்கள். இந்த வயதில் கற்பனையைத் தட்டி எழுப்பத் தேவையில்லை, சொல்ல விஷயம் மண்டிக் கிடக்கிறது. அதை வெளியே கொண்டுவர அவசரப்படாத ஒரு பெரியவர் பக்கத்தில் வேண்டும்.

எங்கள் குழுவில் ஒரு பதினோராம் வகுப்பு மாணவி, மில்லில் ஷிப்டு வேலை பார்க்கும் தன் அம்மாவைப் பற்றி எழுதினாள். முதல் வரைவில் முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை, அன்னையின் தியாகம் எல்லாம் இருந்தன, அம்மாவைத்தான் காணோம். காலையில் உனக்கு முதலில் கேட்கும் சத்தம் எது என்று மட்டும் கேட்டேன். ஐந்தாவது வரைவு, நாலே முக்காலுக்குத் தூக்குவாளி மூடும் சத்தத்தில் தொடங்கியது. அந்த ஐந்து வரைவுக்கு ஏழு வாரம் ஆனது. இரண்டு மணி நேரப் பட்டறையில் இது நடக்காது.

ஆனால் ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. சின்னவர்கள் அமர்வுக்கு ஆறு பேர் போதும்: கதை கேட்க ஒருவர், தட்டச்சுக்கு ஒருவர், படத்துக்கு ஒருவர், பிள்ளைகளிடையே நடக்க மூன்று பேர். பதின்வயதினரில் இரண்டு பேருக்கு ஒரு தன்னார்வலர் என்றாலும் மாதக்கணக்கில் வரவேண்டும், ஆர்வமாக வந்தவர்கள் மூன்றாவது வாரத்தில் காணாமல் போகிறார்கள். பத்து மாணவர்களுக்கு மேல் சேர்க்காதீர்கள். அப்புறம், பரிசும் வேண்டாம். ஒரு பள்ளி, முதல் மூன்று கதைகளுக்குக் கோப்பை கொடுத்தால்தான் பிள்ளைகளை அனுப்புவோம் என்றது, நாங்கள் மறுத்துவிட்டோம். பின்னே, கோப்பை வாங்காத இருபத்துச் சொச்சம் பேர் அடுத்த வாரம் எதற்கு வரவேண்டும்?

கடை விஷயத்தையும் சொல்லவேண்டும். லண்டன் ஹாக்ஸ்டனில் 2010இல் தொடங்கிய மினிஸ்ட்ரி ஆஃப் ஸ்டோரீஸ், அரக்கர்களுக்கான சாமான் கடையை முன்னால் வைத்திருக்கிறது. அங்கே பயத்தை டப்பாவில் அடைத்து விற்கிறார்கள், டப்பாவுக்குள் ஒரு குட்டிக் கதை இருக்கும். எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை. ஆனாலும் நம் ஊரில் அதற்காக வாடகைக்கு இடம் தேடி அலையாதீர்கள். வகுப்பறை மாதிரி தெரியாத ஓர் இடத்துக்குள் நுழைகிறோம் என்ற உணர்வுதான் தேவை, பெஞ்சை ஓரம் தள்ளிப் பாய் விரித்தாலே பாதி வந்துவிடுகிறது.

வீட்டிலிருந்தபடியே இணையத்தில் எழுதும் வழியைச் சிலர் கேட்கிறார்கள். நவம்பர் மாதத்தில் 50,000 சொல் எழுதவைத்த நானோரைமோ அமைப்பு, 2005 முதல் பிள்ளைகளுக்கென்று தனித் திட்டம் நடத்தியது, இத்தனை சொல் என்று அவர்களே இலக்கு வைத்துக்கொள்ளலாம். துணையில்லாமல் தனியாக எழுதிக்கொண்டிருந்த எத்தனையோ பதின்வயதினருக்கு அது பெரிய ஆதரவு. 2025 மார்ச்சில் மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். அதனால் பக்கத்தில் நாலு பேர் கூடும் இடம் ஒன்று இருந்தால் அதையே முதலில் பிடித்துக்கொள்ளுங்கள், இணையம் துணைக்கு இருக்கட்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் சின்னவர்களிடமிருந்தே தொடங்குங்கள். ஆறு மாதம் ஓடினால் உங்களிடம் தங்கும் தன்னார்வலர்கள் யார் என்று தெரிந்துவிடும், அவர்களை வைத்துப் பதின்வயதினர் குழுவைக் கட்டலாம். செலவு என்று பார்த்தால் தாளும் அச்சும்தான். சாதாரண ஸ்டேப்ளர் ஏ4 தாளின் நடுமடிப்பு வரை எட்டாது, நீளக் கை வைத்தது வேண்டும். அது கிடைக்காத வாரங்களில் நாங்கள் ஊசிநூலால் மூன்று துளை போட்டுத் தைக்கிறோம், தையல் கடை அக்கா ஒருவர் கற்றுக்கொடுத்தார். இப்போது பிள்ளைகளே தைத்துக்கொள்கிறார்கள்.