பழைய பி.பி. ஷெல்: வாயைப் பார்ப்பதா, மரையைப் பார்ப்பதா?

லக் (டியூப்கள் சேரும் மூலைகளில் மாட்டும் உலோக உறை) வைத்து ஸ்டீல் சைக்கிள் ஃப்ரேம் கட்டும் ஆசையில் நான் சேர்த்த பழைய பி.பி. (பாட்டம் பிராக்கெட்) ஷெல் நாலு, பாளையங்கோட்டை வீட்டு மேசையில் கிடக்கின்றன. பெடல் அச்சு ஓடுகிற குழல், டியூப் நுழைய நாலு வாய். தூரத்தில் பார்த்தால் நாலும் ஒன்றுதான்.

கண்ணைப் பறிப்பது இத்தாலிய வார்ப்பு. நம் கோயில் உற்சவமூர்த்திகளை வார்க்கிற அதே மெழுகு வித்தைதான். 28.6 மி.மீ. சீட் டியூபை உள்ளே விட்டு வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் ஒரு கீற்றுகூடத் தெரியாது. இடைவெளி அவ்வளவு நெருக்கமாக இருந்தால்தான் வெள்ளிப் பற்று நன்றாக ஓடும்; அதற்குச் சுமார் 650 டிகிரி போதும், மெல்லிய டியூபும் பிழைக்கும்.

இங்கிலீஷ் ஷெல் தகட்டை வளைத்து ஒட்டியது. உள்ளே விரலை ஓட்டினால் ஒட்டு நகத்தில் தட்டும். டியூப் லொடலொடவென்று ஆடும். அந்த இடைவெளியை அடைக்கப் பித்தளைப் பற்றுதான் சரி, சூடு 900 டிகிரியை ஒட்டிப் போகும். ஆனால் ஃப்ரேம் கோணம் ஒரு டிகிரி முன்னே பின்னே இருந்தால் தகட்டு வாயைத் தட்டிச் சரிக்கட்டலாம். வார்ப்பு அதற்கெல்லாம் இணங்காது.

இதுவரை வார்ப்புக்குத்தான் என் ஓட்டு. டவுனில் சைக்கிள் கடை அண்ணாச்சி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "வாயெல்லாம் நல்லாத்தாம்ல இருக்கு. மரையப் பாத்தியா?"

பார்க்கவில்லை. இத்தாலியம் 36 மி.மீ. விட்டம், 70 மி.மீ. அகலம், இரண்டு பக்கமும் வலது மரை. இங்கிலீஷ் 1.370 அங்குலம், 68 மி.மீ., செயின் பக்கம் மட்டும் இடது மரை. அந்த இடது மரையில்தான் சூட்சுமம். மிதிக்கும்போது உள்ளே உருளும் பால்ஸ், கப்பை (பால்ஸ் ஓடுவதற்கு ஷெல்லின் இரு முனையிலும் திருகி ஏற்றும் கிண்ணம்) அச்சு சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும். இங்கிலீஷில் அது கப்பை இறுக்கும், இத்தாலியத்தில் கழற்றும். நண்பனின் இத்தாலிய ஃப்ரேமில் பாபநாசம் போனபோது அம்பாசமுத்திரம் தாண்டியதுமே செயின் பக்கம் கடகடக்கத் தொடங்கிவிட்டது. மரை கழன்ற கேஸ் என்று வீட்டில் என்னைச் சொல்வார்கள். அன்றைக்குச் சைக்கிளுக்கும் அதே பட்டம்.

இன்னொன்று: இங்கிலீஷ் மரை தேய்ந்துபோனால் 36 மி.மீ.க்குக் குடைந்து இத்தாலிய மரை போட்டுப் பிழைக்க வைக்கலாம். இத்தாலியமே தேய்ந்தால் அப்படி அடுத்த படி எளிதில் கிடையாது.

மூன்றாவது, ராலே என்ற இங்கிலாந்து சைக்கிள் கம்பெனியின் பழைய ஷெல். சரியான ஏமாற்றுக்காரன். 1⅜ அங்குலம், அங்குலத்துக்கு 26 மரை. இங்கிலீஷ் கப் (24 மரை) ரெண்டு சுற்று சமர்த்தாக ஏறும், பிறகு பிடித்துக்கொள்ளும். ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் இரண்டும் பாழ். பிரெஞ்சு ஷெல் 35 மி.மீ., இரண்டு பக்கமும் வலது மரை, டியூப் வாயும் 28 மி.மீ. காகிதம் பறக்காமல் வைக்க உதவுகிறது.

தகட்டு இங்கிலீஷையே எடுத்துவிட்டேன். கியர் சைக்கிள்களுக்கு வரும் 68 மி.மீ. சீல்டு பி.பி. (அச்சும் பால்ஸும் ஒன்றாய் அடைத்து வருவது) அதில் அப்படியே உட்காரும், நம்மூர்க் கடையிலேயே கிடைக்கும். பித்தளை ஓட்டவும் இங்கே ஆள் உண்டு. ஒரே தொல்லை, சூட்டில் மரை கோணும், மறுபடி டேப் (மரை வெட்டும் கருவி) ஓட்ட வேண்டும். அந்த இடது டேப் நான் கேட்ட எந்த லேத்துப் பட்டறையிலும் இல்லை. வெளியூரிலிருந்து வரவழைத்த டேப் செட்டின் விலைக்கு இன்னும் நாலு ஷெல் வாங்கியிருக்கலாம்.