புஸ் மாத், ஃபாக்ஸ் மாத், லெப்பர்ட் மாத்: மூன்றில் எது?

1930களின் தொடக்கத்தில் மூடிய கேபினும் ஒற்றை இன்ஜினும் உள்ள சிறு விமானம் தேடியவர்களுக்கு, இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் நிறுவனம் நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று வகைகளைக் கொடுத்தது. மூன்றிலும் இன்ஜின் ஏறக்குறைய ஒன்றுதான்: 120 அல்லது 130 குதிரைசக்தி கொண்ட ஜிப்ஸி. ஆட்களை எங்கே உட்கார வைப்பது என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன.

புஸ் மாத் முதலில் பறந்தது 1929 செப்டம்பரில். ஒற்றை இறக்கை, துணி போர்த்திய எஃகுக் குழாய் உடல், வழக்கமாக இரண்டு பேர். இன்ஜினைத் தலைகீழாகத் திருப்பி வைத்ததால் மூக்கு தாழ்ந்து, விமானிக்கு முன்பக்கம் நன்றாகத் தெரிந்தது. காற்றைச் சுலபமாகக் கிழித்துப் போகும் விமானம் என்பதால் தரையிறங்கும்போது வேகம் குறையாது. அதற்காகச் சக்கரக் கால்களின் மேலுறையை 90 டிகிரி திருப்பி, காற்றுத் தடையாகப் பயன்படுத்தினார்கள். எளிய, அருமையான யோசனை.

சாதனைகளில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. 1932 ஆகஸ்டில் விமானி ஜிம் மோலிசன் இதில்தான் அட்லாண்டிக்கைக் கிழக்கிலிருந்து மேற்காகத் தனியாளாகக் கடந்தார். அதே ஆண்டு அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்குத் தன் விமானச் சேவையின் முதல் தபாலைக் கொண்டுவந்ததும் புஸ் மாத்தில்தான். அங்கிருந்து அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக சென்னைக்குத் தபாலை எடுத்து வந்தார்.

ஆனால் இந்தப் புகழை வைத்து மட்டும் முதல் மதிப்பெண் கொடுக்க எனக்கு மனமில்லை. சில புஸ் மாத்கள் பறக்கும்போதே இறக்கை முறிந்து விழுந்தன, உயிர்கள் போயின. ஆய்வுகளுக்குப் பிறகு, இறக்கையைத் தாங்கும் கம்பிகளுக்குச் சிறு முட்டு ஒன்று சேர்த்து வலுப்படுத்தினார்கள். திருத்தம் சின்னதுதான், ஆனால் அது வருவதற்குள் கொடுத்த விலை பெரிது.

ஃபாக்ஸ் மாத் (1932) ஒற்றை இறக்கை விமானமே இல்லை. அதே நிறுவனத்தின் பயிற்சி விமானமான டைகர் மாத்தின் பாகங்களை எடுத்துக் கட்டிய இரட்டை இறக்கை விமானம். பயணிகள் முன்னால் கேபினுக்குள் இருப்பார்கள். விமானியோ பின்னால், திறந்த காக்பிட்டில் காற்றும் மழையும் வாங்கிக்கொண்டு இருப்பார். விமானிக்கு இது அநியாயம்தான். ஆனால் இத்தனை சிறிய இன்ஜினில் மூன்று பயணிகளை, குறுகிய தூரம் என்றால் நான்கு பேரைக்கூட ஏற்றலாம் என்பதால், சிறிய விமான நிறுவனங்களுக்குக் கட்டுப்படியானது. நியூசிலாந்தில் 1934 இறுதியில் ஹோகிடிகாவிலிருந்து தொடங்கிய விமானச் சேவை இதை நம்பித்தான் நடந்தது. டிக்கெட் விற்றுப் பிழைக்க வேண்டியவருக்கு இதுதான் சரி.

சொந்தமாக வைத்துக்கொள்ள என்றால், என் தேர்வு யோசிக்காமல் லெப்பர்ட் மாத். 1933 மே மாதம் முதலில் பறந்தது. ஜூலையிலேயே நிறுவனர் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் அதை ஓட்டி கிங்ஸ் கப் விமானப் போட்டியில் வென்றார். எஃகுக் குழாய்க்குப் பதில் ஒட்டுப்பலகை உடல். அதனால் எடை குறைந்தது, அந்த லாபம் எல்லாவற்றிலும் தெரிகிறது. விமானி முன்னால் நடுவில், பின்னால் இரண்டு பேர் அருகருகே. புஸ் மாத்தின் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 206 கி.மீ., இதற்கு 220. பறக்கும் தூரத்தில்தான் பெரிய வித்தியாசம்: சாதாரண புஸ் மாத் ஏறக்குறைய 480 கி.மீ. போகும், லெப்பர்ட் மாத் 1,150. இன்ஜினில் கூடியது வெறும் பத்து குதிரைசக்தி!

மர உடல் என்பதால் ஈரத்திலிருந்து காப்பாற்றிப் பராமரிக்க வேண்டும், அதை மறுக்க முடியாது. பராமரித்தால் எவ்வளவு நாள் உழைக்கும் என்பதற்கு டாடாவே சாட்சி. முதல் பயணத்தின் பொன்விழாவுக்கு, 1982 அக்டோபர் 15 அன்று, 78 வயதில் அவர் மறுபடி கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பறந்தது லெப்பர்ட் மாத்தில்தான்.