டிஎன்ஏ உணரிக்கு எந்தக் கரி? கிராஃபீன் ஆக்சைடும் நுண்துளைக் கார்பனும்

கரியை வைத்து டிஎன்ஏவைக் கண்டுபிடிக்கும் யோசனை எளிமையானது. தேடும் வரிசைக்குப் பொருந்துகிற, 20 எழுத்து நீளமுள்ள ஓரிழை டிஎன்ஏ ஒன்றை எடுத்து, அதன் நுனியில் ஃபுளூரசீன் வகைச் சாயத்தைக் கட்டுகிறோம். இதுதான் புரோப். நீல ஒளி பட்டால் 520 நானோமீட்டர் பக்கத்தில் பச்சையாக ஒளிரும். கார்பனோடு கலந்தால், ஓரிழையில் திறந்து கிடக்கும் காரங்கள், அதாவது டிஎன்ஏவின் எழுத்துகள், கார்பன் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். சாயத்தின் ஆற்றலைக் கார்பன் வாங்கிக்கொள்வதால் வெளிச்சம் அணைந்துவிடும். தேடிய டிஎன்ஏ வந்ததும் இரண்டும் ஈரிழையாகச் சேரும். அப்போது காரங்கள் உள்ளே போய்விடும், எதிர்மின்னேற்றமுள்ள பாஸ்பேட் வெளியே நிற்கும். பிடி தளர்ந்து பச்சை திரும்பி வரும்.

எந்தக் கார்பன் நன்றாக அணைக்கிறது என்றுதான் பெரும்பாலும் ஒப்பிடுகிறார்கள். கருப்பாக இருப்பவை எல்லாம் ஓரளவு அணைக்கத்தான் செய்யும். எது சரியான நேரத்தில் விடுகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கிராஃபீன் ஆக்சைடிலிருந்து தொடங்கலாம். சீனாவின் ஃபூஜோ பல்கலைக்கழகக் குழு 2009-ல் இந்த முறையைக் காட்டியது. ஆக்சிஜன் ஒட்டிய, ஓரணு தடிமனுள்ள கார்பன் தாள் என்பதால் இரண்டு பக்கமும் திறந்தே இருக்கிறது. புரோப் நிமிடங்களில் ஒட்டிவிடும், விலகுவதற்கும் தடை இல்லை. தண்ணீரில் நன்றாகக் கலையும். ஹம்மர்ஸ் முறையில் கிராஃபைட்டையும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையும் கந்தக அமிலத்தையும் வைத்து ஆய்வகத்திலேயே செய்துகொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு தயாரிப்பிலும் ஆக்சிஜன் அளவும் தாளின் அளவும் மாறும், கூடவே பிடியின் வலுவும் மாறும். இன்னொரு பெரிய சிக்கல், மாதிரியில் இருக்கும் புரதமோ சம்பந்தமில்லாத டிஎன்ஏவோ புரோபைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் ஒட்டிக்கொள்வது. தேடியது இல்லாமலேயே வெளிச்சம் வந்துவிடும். சுத்தமான தாங்கல் கரைசலில் அழகாக வேலை செய்த உணரி, இரத்தச் சீரத்தில் தடுமாறுவது இதனால்தான்.

நுண்துளைக் கார்பனின் கதை வேறு. இதில் பெயர் பெற்றது சிஎம்கே-3. கொரியாவின் ரியோங் ரியூ குழு 2000-ல் வெளியிட்டது. எஸ்பிஏ-15 என்ற சிலிகாவின் துளைகளுக்குள் சர்க்கரையை நிரப்பிக் கரியாக்கி, பிறகு சிலிகாவைக் கரைத்து எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது 3 முதல் 4 நானோமீட்டர் துளைகள் வரிசையாக அமைந்த கார்பன். ஒரு கிராமுக்கு 1000 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு! கேட்கவே மலைப்பாக இருக்கும். ஆனால் டிஎன்ஏவுக்கு அந்தப் பரப்பில் எவ்வளவு பயன்படும் என்பதுதான் கேள்வி. ஈரிழை டிஎன்ஏவின் குறுக்களவு சுமார் 2 நானோமீட்டர், 20 எழுத்து இணைகளின் நீளம் 7 நானோமீட்டர் அளவு. 3 நானோமீட்டர் துளைக்குள் அது ஒற்றையடிப் பாதையில் போகும் மாட்டுவண்டி மாதிரிதான். உள்ளே போன புரோபைத் தேடி இலக்கும் (நாம் தேடும் டிஎன்ஏவும்) நுழைய வேண்டும், சேர்ந்த பிறகு இரண்டும் வெளியே வர வேண்டும். வராவிட்டால் சாயம் கார்பன் சுவருக்குப் பக்கத்திலேயே கிடக்கும், பச்சை அணைந்தே இருக்கும். அணைப்பது அற்புதம், விடுவதுதான் சிரமம். துளை 10 நானோமீட்டருக்கு மேல் போனால் நிலைமை மாறுகிறது. அங்கே நடமாட்டம் இருக்கும், பரப்பும் வீணாகாது. நம் ஊர்த் தேங்காய்ச்சிரட்டையில் செய்யும் செறிவூட்டிய கரியில் பெரும்பாலான துளைகள் 2 நானோமீட்டருக்குக் கீழேதான். குடிநீர் சுத்திகரிப்புக்கு அருமையான பொருள், ஆனால் டிஎன்ஏவுக்கு வாசலே திறக்காது.

சரி, கார்பனே இல்லாமல் செய்ய முடியாதா? முடியும். நியூயார்க்கில் சஞ்சய் தியாகியும் ஃபிரெட் கிரேமரும் 1996-ல் கொண்டுவந்த மாலிக்யுலர் பீக்கன், ஊசிக்கொண்டை போல மடிந்த ஒரு புரோப். ஒரு நுனியில் சாயம், மறுநுனியில் அணைப்பான். ஓரெழுத்துப் பிழையைக்கூடப் பிரித்துக் காட்டும், டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர் கருவிக்குள்ளும் வேலை செய்யும். இரண்டு நுனியிலும் வேதிக்கட்டு வேண்டும் என்பதால் விலை அதிகம். கார்பன் முறையில் ஒரு நுனிச் சாயமே போதும், பல புரோப்களுக்கு ஒரே கார்பன் அணைப்பானாக இருக்கும்.

நோயாளியின் மாதிரியில் முடிவு சொல்ல வேண்டுமென்றால் நான் இன்னும் பீக்கனைத்தான் எடுப்பேன். ஆய்வகத்தில் பல வரிசைகளை மலிவாகச் சோதித்துப் பார்க்க கிராஃபீன் ஆக்சைடு. நுண்துளைக் கார்பனை வாங்கும் முன் அதன் பரப்பளவைப் பார்க்காதீர்கள், துளை அளவுப் பரவலைக் கேட்டு வாங்குங்கள். கையில் வந்ததும் பொருந்தாத டிஎன்ஏவையும் கொஞ்சம் ஆல்புமின் என்ற புரதத்தையும் தனித்தனியாகச் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் பச்சை எழும்பினால், அந்த உணரியின் எண்களை நம்ப வேண்டாம்.